சாவு வீட்டிலிருந்து டூட்டிக்குத் திரும்பும் சிறைக் காவலர்: கேட்டில் வரும் செய்தி முதல் வருடத் திதி வரை

டூட்டி_ரைட்டர்
தமிழ்நாட்டுச் சிறைகளில் டூட்டி எழுதும் தலைமைக் காவலர்கள், உதவி சிறை அலுவலர்கள் எல்லோரும் கைவைக்க வேண்டிய இழை இது. கைதி ஒருவர் இறந்தால் யாருக்கு எத்தனை மணிக்குள் தகவல் போக வேண்டும், எந்தப் பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். காவலர் ஒருவரின் அம்மாவோ மனைவியோ பிள்ளையோ இறந்தால் அந்த ஷிஃப்டில் யார் பொறுப்பில் இருக்கிறார்களோ அவர்கள் மனசுப்படிதான் நடக்கிறது. நல்லவர் கையில் சிக்கினால் நல்லது நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. இதை மாற்ற வேண்டும்.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். உள்ளே டூட்டியில் இருக்கும்போது செய்தி வந்தால் கேட்டில் என்ன செய்வது? விடுப்பை எப்படிப் போடுவது? காரியம் முடிந்து திரும்பியவரை முதல் ஒரு மாதம் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் நிறுத்தக் கூடாது? பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம், செய்முறை மட்டும் எழுதுங்கள்.

கேட்_பாரா
முதல் கேள்விக்குச் சொல்கிறேன்.

உள்ளே செல்போன் கிடையாது. அதனால் செய்தி எப்போதும் கேட் தொலைபேசிக்கு வரும், இல்லை லாக்கரில் இருக்கும் போன் விடாமல் அடிக்கும். கேட் கீப்பர் உடனே குறிக்க வேண்டியது: கூப்பிட்டவர் பெயர், என்ன உறவு, அவர் எண், நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே. பிறகு அதே எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயரில் இரண்டு காவலர் இருக்கும் சிறைகள் உண்டு. ஆள் மாறிச் செய்தி போனால் அந்த அதிர்ச்சியைத் திருப்பி எடுக்க முடியாது.

அடுத்து, வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை கூட வரக் கூடாது. பிளாக்கில் ஒரு செட் பேசினால் சுற்றி இருக்கும் இருபது கைதிக்குக் கேட்கும். 'மாத்து ஆள் வருது, கேட்டுக்கு வரச் சொல்லு', அவ்வளவுதான்.

முதலில் போக வேண்டியது செய்தி இல்லை, மாற்று ஆள். காவல் கோபுரமான டவரில் இருப்பவர் என்றால் மாற்று ஆள் மேலே ஏறி, துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை எண்ணி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் இறங்க வேண்டும். ஏணிப்படியில் நிற்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிளாக்கில் இருப்பவர் என்றால் சாவிக்கொத்தை எண்ணி வாங்க வேண்டும். கைதிகளை எண்ணும் தலைக்கணக்கை அவரை எடுக்கச் சொல்லாதீர்கள். மாற்று ஆளும் தலைமைக் காவலரும் சேர்ந்து எண்ணிக்கொள்ளட்டும். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று மனசு அடிக்கத் தொடங்கியவர் எண்ணினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். உடனே மொத்தச் சிறையும் மறுகணக்கு எடுக்கும், அரை மணி நேரம் போகும், பழி அவர் தலையில் விழும்.

சொல்லும் இடம் சோதனை அறையோ நேர்காணல் கூடமோ ஆகக் கூடாது. அங்கே கைதிகளின் உறவினர் நிற்பார்கள். அலுவலகப் பக்கம் கதவுள்ள ஒரு அறை, நாற்காலி, தண்ணீர். சொல்பவர் அந்த ஷிஃப்டின் மூத்த அதிகாரி, பக்கத்தில் அவருக்கு நெருக்கமான ஒரு காவலர். ஆறு பேர் சூழ்ந்து நிற்க வேண்டாம்.

லாக்கரைத் திறப்பதற்கு முன்னால் சொல்லி முடித்துவிட வேண்டும். போனைக் கையில் எடுத்த நிமிடமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட படமும் 'கண்ணீர் அஞ்சலி'யும் வந்து நிற்கும். அதைப் பார்த்து ஒருவர் தெரிந்துகொள்வது போல் கொடுமை வேறு இல்லை.

கிளைச்சிறை_முத்து
அண்ணே, மத்திய சிறையில் மாற்று ஆள் கிடைக்கும். கிளைச் சிறையில் ஒரு ஷிஃப்டில் இருப்பதே இரண்டு மூன்று பேர். அங்கே இந்த முறை நடக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு தாள் வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய, டூட்டி முடிந்த காவலர்கள் யார் யார், எண் என்ன என்று எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அந்தத் தாளைத் திருத்த வேண்டும், மாறுதலில் போனவர் பெயரே பாதித் தாளில் இருக்கும்.

மாற்று ஆள் வரும் வரை செய்தியை மறைப்பதா என்று கேட்பார்கள். இருபது நிமிடம் என்றால் தாமதிக்கலாம். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் சாவியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு, அவரை உள்ளிருந்து வெளி அறைக்குக் கொண்டுவந்து சொல்லிவிடுவதுதான் சரி.

கேட்_பாரா
முத்து, நல்ல யோசனை. வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்தி கேட்டவரைச் சொந்த பைக்கில் அனுப்பவே கூடாது. குவார்ட்டர்ஸில் இருந்து ஒருவர் பஸ் ஸ்டாண்டு வரையாவது கூடப் போக வேண்டும். சென்னைப் புழல் சிறையில் டூட்டி, வீடு தென்காசிப் பக்கம் என்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். இந்து வீட்டில் ஃப்ரீஸர் பெட்டி வைத்து மறுநாள் வரை காத்திருப்பார்கள், முஸ்லிம் வீட்டில் அடக்கம் சீக்கிரம் நடக்கும். கேட்டில் அரை மணி நேரம் தாமதித்தால் முகம் பார்க்காமல் போகலாம். எனவே விடுப்புக்கு வாய்மொழி அனுமதி போனில் வாங்கி, கேட் பதிவேட்டில் நேரம் போட்டு, ஆளை அனுப்பிவிட வேண்டும். எழுத்து பிறகு வரட்டும். சட்டைப்பையில் கொஞ்சம் பணம் வைத்து அனுப்புங்கள், அந்த நேரத்தில் ஏ.டி.எம். தேடிப் போக ஒருவராலும் முடியாது.

நெல்லை_காவலன்
ஒரு மாற்றுக் கருத்து. நம் ஊரில் சாவுச் செய்தியை நேரடியாகச் சொல்வதில்லை. 'சீரியஸா இருக்காங்க, உடனே கிளம்பி வா' என்றுதான் சொல்வார்கள். வழியில் ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். வீட்டார் அப்படிச் சொல்லச் சொன்னால் கேட்டில் நாம் எப்படி மீறுவது?

மனநலச்_செவிலியர்
அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. கைபேசி இல்லாத காலத்தில் அது வேலை செய்தது. இன்று பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் யாராவது போட்ட ஸ்டேட்டஸில் தெரிந்துவிடும். அப்போது அவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். 'எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னிடம் மட்டும் மறைத்தார்கள்' என்ற கோபம் வருடக்கணக்கில் நிற்கும், அதுவும் வேலை செய்யும் இடத்தின் மேல்.

வீட்டாரிடமே திருப்பிக் கேளுங்கள்: 'நாங்க பக்கத்துல ஆள் வச்சுச் சொல்றோம், கூட ஆள் அனுப்புறோம். சொல்லட்டுமா?' பெரும்பாலும் சரி என்பார்கள். சொல்லும்போது 'தவறிட்டாங்க', 'இறந்துட்டாங்க' என்ற வார்த்தை வர வேண்டும். 'ஒரு மாதிரி இருக்காம்' என்று இழுத்தால் கேட்பவர் உயிரோடு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். உடனே விடுப்பு, பஸ், பணம் என்று பேசத் தொடங்காதீர்கள். இன்னொன்று, நெருங்கியவரை இழந்த முதல் நாளில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடுகிறது. ஏற்கெனவே பி.பி., சுகர், நெஞ்சுவலி உள்ளவர் என்றால் அவர் மாத்திரையைக் கையோடு எடுத்தாரா என்று கேளுங்கள்.

அமைச்சுப்பணி_மலர்
விடுப்புப் பக்கம் நான் எழுதுகிறேன். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

நம் விடுப்பு விதிகளில் துக்க விடுப்பு என்று தனி வகை கிடையாது. தற்செயல் விடுப்பும் (சி.எல்.) ஈட்டிய விடுப்பும் (இ.எல்.) தான் வழி. இரண்டையும் ஒட்டி எடுக்க முடியாது. காவலர் போகும் அவசரத்தில் எழுத்தர் 'மூணு நாள் சி.எல்.' என்று குறித்துவிடுவார். அப்புறம் பதினாறாம் நாள் வரை நீட்ட வேண்டும் என்றால், அந்த மூன்று நாளையும் சேர்த்து முதல் நாளிலிருந்தே இ.எல். ஆக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் சம்பளப் பட்டியலில் சிக்கல், விளக்கம் கேட்டுக் கடிதம். மொட்டை போட்ட தலையோடு திரும்பி வருபவர் கையில் முதலில் கொடுப்பது அந்தக் கடிதமாக இருக்கக் கூடாது. எனவே நெருங்கிய உறவு என்றால் ஆரம்பத்திலேயே 'இ.எல்., முடிவுத் தேதி பின்னர்' என்று குறித்துவையுங்கள். இ.எல். கணக்கில் ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் 15 நாள் வீதம் வரவு வரும். இருப்பு எவ்வளவு என்று அவரைப் பார்க்கச் சொல்லாமல் அலுவலகமே பார்த்துச் சொல்ல வேண்டும்.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு விடுப்பு நாள்கள் தகுதிகாண் காலத்தில் சேராது, அந்த அளவு தள்ளிப்போகும். இதை முதலிலேயே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆணை வரும்போது தெரிந்தால் அது தண்டனை போலத் தோன்றும்.

இ.எல். தீர்ந்தவர்கள் மருத்துவச் சான்று வைத்து விடுப்புப் போடுகிறார்கள். உண்மையிலேயே தூக்கம் இல்லாமல் உடம்பு கெட்டிருந்தால் தவறில்லை. திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்று வேண்டும் என்பதை மறக்கிறார்கள். சான்று இல்லாமல் கேட்டில் வந்து நின்று திருப்பி அனுப்பப்படுவது வேண்டாத அவமானம். இரண்டு நாள் முன்பே போனில் நினைவுபடுத்துங்கள்.

பணம்: 1.4.2003-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதியில் ஈமச் செலவுக்குத் தற்காலிக முன்பணம் கேட்க வழி உண்டு. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. இன்று களத்தில் இருக்கும் காவலர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் மனுவை அதே வாரம் எடுக்க ஏற்பாடு செய்தால் கந்துவட்டிக்குப் போகாமல் தடுக்கலாம்.

டூட்டி_ரைட்டர்
மலர் மேடம், சக காவலர்கள் போடும் வசூல் பற்றி?

அமைச்சுப்பணி_மலர்
நல்ல பழக்கம், ஆனால் இரண்டு நிபந்தனை. நோட்டில் பெயருக்கு எதிரே தொகை எழுதி ஊர் முழுக்கக் காட்ட வேண்டாம். கொடுப்பவருக்கும் நெருக்கடி, வாங்குபவர் பிற்பாடு அந்த நோட்டைப் பார்த்து மொய் திருப்புவது போலக் கணக்கு வைப்பார். மொத்தமாக உறையில் போட்டு, இறந்த இரண்டு நாளுக்குள் கொடுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு கொடுக்கும் பணம் கடனை அடைக்கத்தான் போகும்.

மனநலச்_செவிலியர்
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், திரும்பி வரும் முதல் மாதம்.

துக்கத்தில் இருப்பவர் அழுதுகொண்டே இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறை வேலையில் அது வேறு விதமாகத் தெரியும். பூட்டினோமா இல்லையா என்று ஒரே கதவை மூன்று தடவை போய்ப் பார்ப்பார். தலைக்கணக்கில் பாதியில் எண்ணிக்கை மறந்து மீண்டும் தொடங்குவார். சின்ன விஷயத்துக்குக் கைதி மேல் கை ஓங்குவார். இல்லாவிட்டால் எதற்கும் கோபமே வராமல், சோதனை போட வேண்டிய இடத்தில் 'போ' என்று விட்டுவிடுவார். இந்தக் கடைசி வகைதான் கவனத்துக்கு வராது. கவனம், தூக்கம், எரிச்சல் மூன்றும் முதல் நாலு முதல் ஆறு வாரம் ஏறி இறங்கும். ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் சுருண்டுவிடுவார். அது நடிப்பு இல்லை. இழப்பை நினைக்கும் நேரமும், அதை ஒதுக்கிவைத்து வேலையைப் பார்க்கும் நேரமும் மாறி மாறி வருவதுதான் இயல்பான துக்கம். வேலையே பல பேருக்கு மருந்து. எனவே 'வீட்லயே இரு' என்று தள்ளிவைப்பதும் தவறு.

என் பரிந்துரை: முதல் முப்பது நாள் இரவுத் தனி டூட்டி வேண்டாம், ஆயுத டூட்டி வேண்டாம், மருத்துவப் பிளாக் வேண்டாம், தற்கொலைக் கண்காணிப்பில் இருக்கும் கைதி அருகே வேண்டாம்.

கேட்_பாரா
செவிலியர் மேடம் சொன்னதில் ஆயுத விஷயத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்தால் அன்று மாலைக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க 'அவனுக்கு மெண்டல் ஆயிடுச்சாம்' என்று பேச்சு பரவும். அதற்குப் பயந்தே துக்கத்தில் இருப்பவர் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு டவர் ஏறுவார். அவரைக் காப்பாற்ற நினைத்து அவர் வாயை அடைத்தது போல் ஆகிவிடும்.

மனநலச்_செவிலியர்
நீங்கள் சொல்வது நியாயம்தான் சார். அதற்காக ஆயுதத்தைக் கையில் கொடுத்துத் தனியாக இரவில் நிறுத்த முடியாது. எடுப்பது தெரியாமல் எடுக்க வேண்டும். யார் வீட்டில் சாவு நடந்தாலும், கண்காணிப்பாளர் அலுவலக உதவியாளரிலிருந்து முதன்மைத் தலைமைக் காவலர் வரை, முப்பது நாள் பகல் டூட்டி என்று எல்லோருக்கும் ஒரே விதி போட்டுவிட்டால் அது ஒருவருக்கான தீர்ப்பு ஆகாது. மாதச் சுழற்சி மாறும் தேதியோடு சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

கேட்_பாரா
எல்லோருக்கும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் இடங்களைச் சொல்கிறேன்.

கொடுக்கலாம்: கேட் பதிவேடு (கேட் சாவி இல்லை), தொழிற்கூடம் பகல், சமையற்கூடம், தோட்டக் குழு, கேன்டீன், பண்டகசாலை. நாலு பேர் நடமாடும், கைக்கு வேலை இருக்கும், நேரத்துக்கு முடியும் இடங்கள்.

கொடுக்கக் கூடாது: டவர், இரவு வளாகச் சுற்று, புது வருகைப் பிரிவு, உயர்பாதுகாப்புப் பிளாக். நேர்காணல் கூடத்தையும் சேர்க்கிறேன். 'லேசான டூட்டி' என்று நினைத்து அங்கேதான் முதலில் போடுவார்கள். அங்கே நாள் முழுக்கக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா அழுவாள், அந்தப் பக்கம் மகன் அழுவான். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு அது லேசான டூட்டி இல்லை.

மனு எழுதும் பிரிவும் அப்படித்தான். தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் 1982-ன்படி தண்டனைக் கைதிக்கு உறவினர் இறந்தால் அவசர விடுப்பு உண்டு, ஆண்டுக்கு 15 நாள் வரை. அந்த மனுவில் 'தாயார் இறந்துவிட்டார்' என்ற வரியைத் தினம் சரிபார்க்கும் இடத்தில் அவரை உட்கார வைக்காதீர்கள். கைதிக்குச் சாவுச் செய்தி சொல்லும் வேலையையும் கொஞ்ச நாள் வேறு ஒருவர் பார்க்கட்டும்.

பெண்கள்_சிறை_உதவி
பெண்கள் தனிச்சிறையில் பட்டியல் இன்னும் கொஞ்சம் மாறும். ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் தாயோடு உள்ளே இருக்கிறார்கள். குழந்தையை இழந்த காவலரையும், கரு கலைந்து திரும்பியவரையும் குழந்தைகள் இருக்கும் பிளாக்கிலோ பால்வாடியிலோ போடக் கூடாது. கரு கலைந்த விஷயம் வெளியே தெரியாமலேயே போகும், யாரும் சாவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உதவி சிறை அலுவலர் தனியாகக் கூப்பிட்டு 'அந்த பிளாக்குக்குப் போக முடியுமா, வேற போடட்டுமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். காரணம் கேட்க வேண்டாம்.

கணவரை இழந்து வருபவர் விஷயத்தில் வார்த்தை மிகவும் முக்கியம். பொட்டு வைத்திருக்கிறாரா, பூ வைத்தாரா, செயின் போட்டிருக்கிறாரா என்று லாக்கர் அறையில் அளவெடுப்பதை முதல் நாளே நிறுத்தச் சொல்ல வேண்டும், அவர் வருவதற்கு முன்னால். 'இப்பவே வேலைக்கு வந்துட்டியா' என்ற கேள்வியும் வேண்டாம். முஸ்லிம் சகோதரி என்றால், கணவரை இழந்தவர் துக்கம் காக்கும் இத்தா காலம் நாலு மாதம் பத்து நாள். பதினாறு நாள் கணக்கை எல்லோருக்கும் பொருத்தாதீர்கள். கத்தோலிக்கர் வீட்டில் முப்பதாம் நாள் பூசை இருக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் அவர்களுக்கு முக்கியம். என்னென்ன நாள் வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வதுதான் சரி.

ஆண் காவலர்களுக்கு: காரியம் முடியும் வரை சவரம் செய்யாதவர், மொட்டை போட்டவர் பரேடில் நின்றால் மேலதிகாரி கேட்பார். பரேட் பதிவேட்டில் முன்கூட்டியே 'அனுமதி' என்று எழுதி வைத்துவிடுங்கள். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது காரணம் சொல்ல வைப்பது தப்பு.

நெல்லை_காவலன்
கைதிகள் பற்றி யாரும் எழுதவில்லையே. அவர்களுக்கு நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

கேட்_பாரா
ஆமாம். பத்து நாள் ஆளைக் காணோம், மொட்டையோடு வருகிறார் என்றால் சொல்லவா வேண்டும். உண்மையாக வருத்தப்படும் கைதிகள் நிறைய உண்டு. பல வருடம் ஒரே பிளாக்கில் முகம் பார்த்தவர்கள். 'கேள்விப்பட்டேன் சார், மனசு கஷ்டமா இருந்துச்சு' என்றால் 'நன்றிப்பா' என்று சொல்லி நகர வேண்டியதுதான். யார் இறந்தது, எந்த ஊர், வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும் வாயிலிருந்து வரக் கூடாது. அந்த இளகிய நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பீடிக்கட்டில் தொடங்கி போன் வரை கொண்டுபோகும் ஆள்களும் உள்ளே உண்டு. குத்திப் பேசுபவனும் இருப்பான். அப்படி ஒருவன் பேசினால் பதில் சொல்ல வேண்டியது பக்கத்தில் இருக்கும் இன்னொரு காவலர், துக்கத்தில் இருப்பவர் இல்லை. திரும்பும் முதல் நாள் காலையில் ரோல்காலுக்கு முன் தலைமைக் காவலர் இதை அந்த ஷிஃப்டுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கிளைச்சிறை_முத்து
ஒன்று விட்டுப்போகிறது. காவலரின் உறவினர் கொலையாகியோ, வண்டி மோதியோ இறந்திருந்தால், குற்றஞ்சாட்டப்பட்டவர் ரிமாண்டில் எங்கே வருவார்? அதே மாவட்டம் என்றால் அதே சிறைக்குத்தான். இதைக் கேட்டிலேயே பிடிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை எண்ணையும் காவல் நிலையப் பெயரையும் வாங்கி, புதுவருகை எழுதுபவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த எண்ணில் வாரண்ட் வந்தால் கண்காணிப்பாளருக்கு உடனே தகவல் போக வேண்டும். வேறு சிறைக்கு மாற்ற எழுத்து நடவடிக்கை நடக்கும் வரை அந்தக் காவலர் அந்தப் பிளாக்கின் பட்டியலிலேயே வரக் கூடாது. இது இருவருக்கும் பாதுகாப்பு. உள்ளே அந்தக் கைதிக்கு ஒரு கீறல் விழுந்தாலும், காவலர் விடுப்பில் இருந்திருந்தால் கூட, அவர் பெயர்தான் முதலில் அடிபடும்.

லண்டன்_காப்பு
இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருக்கும் இரண்டு ஏற்பாடுகள் உங்களுக்கு உதவலாம்.

பதினெட்டு வயதுக்குள் பிள்ளையை இழந்த ஊழியருக்கு, 24 வாரத்துக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தாலும், 2020 ஏப்ரல் 6 முதல் இரண்டு வாரச் சட்டபூர்வ விடுப்பு இருக்கிறது. பயனுள்ள பகுதி என்னவென்றால், அதை ஒரு வாரம் ஒரு வாரமாகப் பிரித்து 56 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதாவது முதல் நினைவு நாளுக்கு ஒரு வாரம் ஒதுக்கி வைக்க முடியும்.

இரண்டாவது, ஊழியர்களிலிருந்தே பயிற்சி பெற்ற பராமரிப்புக் குழு. கைதி இறப்பு போன்ற சம்பவத்துக்குப் பிறகு சுமார் 72 மணி நேரத்தில் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை, சக ஊழியர் ஒருவர் வரையறுத்த கேள்விகளோடு உட்கார்ந்து பேசுவார். அது சிகிச்சை இல்லை. தூக்கம், குடி, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான். கூடியிருந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். பிரிட்டன் கடற்படையின் மரீன் பிரிவில் உருவான முறை.

டூட்டி_ரைட்டர்
கைதி இறந்தால் காவலருக்கும் துக்கம் உண்டு என்பதை நாம் பேசுவதே இல்லை. அதற்கும் இங்கே ஏதாவது எழுதுங்கள்.

மனநலச்_செவிலியர்
அது ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம். மனைவி இறந்தால் பந்தல் போடுவார்கள். எட்டு வருடம் தினம் காலையில் திறந்துவிட்ட கைதி தூக்கில் தொங்குவதைப் பார்த்து, கயிற்றை அறுத்து இறக்கியவருக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அதோடு அவர் மேல் விசாரணை. 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகும், நீதித்துறை நடுவர் விசாரணை நடக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(1அ), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-வது பிரிவு. இவை நடக்க வேண்டியவை, கட்டாயம். ஆனால் அன்று அந்தக் காவலரை அதே அறை வாசலில் காவலுக்கு நிறுத்துவது கட்டாயம் இல்லை. சீருடையில் அழுக்கு, ரத்தம் பட்டிருந்தால் விசாரணைக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு மாற்றவிடுங்கள். வாக்குமூலம் எழுதும் முன் டீயாவது குடிக்கட்டும். விசாரணை எப்படி நடக்கும், அடுத்து யார் கூப்பிடுவார்கள், எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொன்னால் பாதிப் பயம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து 'நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்க, மனசைத் திறங்க' என்று ஒரே அமர்வில் கட்டாயப்படுத்தும் முறை பழசு. அதனால் பயன் இல்லை, சிலருக்குப் பாதிப்பு கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உளவியல் முதலுதவி எளிமையானது. யாருக்கு என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவியோடு இணை. பேசச் சொல்லித் தோண்ட வேண்டாம்.

யாரிடம் அனுப்புவது? மத்திய சிறையில் உளவியலாளர் இருக்கிறார்தான், ஆனால் அவர் கைதிகளுக்காக நியமிக்கப்பட்டவர், அவர் அறிக்கை போகும் இடம் கண்காணிப்பாளர் மேசை. காவலர் அங்கே மனம்விட்டுப் பேச மாட்டார். வெளியே இருக்கட்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவு, இல்லை அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி சிகிச்சை விவரம் ரகசியம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் நிறையப் பேர் படிப்பார்கள். அறிவிப்புப் பலகை முன் நின்று அந்த எண்ணைக் குறிக்க யாரும் துணிய மாட்டார்கள்.

எப்போது கட்டாயம் அனுப்ப வேண்டும்? ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல் வேலையும் வீடும் ஓடாத நிலை. குடி கூடுவது. 'நானும் போயிட்டா நல்லாருக்கும்' என்ற பேச்சு. கடைசியாகச் சொன்னதற்கு ஆறு மாதம் இல்லை, ஆறு நிமிடம் கூடக் காத்திருக்காதீர்கள். ஆயுதம் இருக்கும் இடத்திலிருந்து ஆளை நகர்த்துங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனை.

அமைச்சுப்பணி_மலர்
சக காவலரே இறந்துவிட்டால் அலுவலகம் செய்ய வேண்டியதில் ஒரு பகுதி: குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம், கருணை அடிப்படை வேலைக்கு இறந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் மனு. இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்துவிட வேண்டும். இவற்றுக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். 'ஆபீஸ்ல கேளுங்க' என்று இறந்தவர் மனைவியைப் பத்து நடை நடக்க வைக்காதீர்கள். டூட்டிப் பலகையில் அவர் பெயரை அழிப்பது, லாக்கரைக் காலி செய்வது இரண்டையும் ஷிஃப்ட் நடுவில் செய்ய வேண்டாம். லாக்கரைக் குடும்பத்தார் ஒருவரும் அவர் நண்பர் ஒருவரும் இருக்கும்போது திறந்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மனைவியை, கணவரை இழந்த காவலருக்கு இன்னொரு எழுத்து வேலை உண்டு. பணிப்பதிவேட்டிலும், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி எல்லாவற்றிலும் வாரிசு நியமனம் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். பல வருடம் யாரும் மாற்றுவதில்லை. மூன்றாவது மாதம் எழுத்தரே படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

டூட்டி_ரைட்டர்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். முதல் வருடம் பற்றி என் தரப்பிலிருந்து ஒன்று சேர்க்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

சாவு விழுந்த வீட்டில் முதல் வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை. டூட்டி எழுதுபவர்கள் அதையே பிடித்துக்கொள்கிறோம். 'உனக்குத்தான் இந்த வருஷம் பொங்கல் இல்லையே, பாவம் அவன் புள்ளகுட்டிக்காரன், நீ டூட்டி பாரு.' கெட்ட எண்ணம் கிடையாது, ஆள் பற்றாக்குறைதான். ஆனால் அவருக்கு வருடத்திலேயே கனமான நாள் அது. வீட்டில் அடுப்பு மௌனமாக இருக்கும், தெருவெல்லாம் பொங்கல் பானை, அவரோ உள்ளே வரும் பொங்கலைக் கைதிகளுக்குப் பங்கிட்டுக்கொண்டு நிற்பார். இனி என் பட்டியலில் அந்த வருடம் பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவாக இருந்தாலும் 'டூட்டியா, ஓய்வா?' என்று அவரிடம் கேட்ட பிறகுதான் பெயர் போடுவேன். வீட்டில் இருக்க முடியவில்லை, வேலைக்கு வருகிறேன் என்று அவரே சொன்னால் வேறு விஷயம்.

பெண்கள்_சிறை_உதவி
சரியாகச் சொன்னீர்கள் சார். வருடத் திதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இங்கிலீஷ் தேதிப்படி வராது. இறந்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்தால் தப்பாகும். ஒரு மாதம் முன்பே அவரிடம் எந்த நாள் வருகிறது என்று கேட்டு இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள்.

கேட்_பாரா
கேட் கீப்பர்களுக்கு ஒரு வேலை பாக்கி. கேட்டில் அவசரத் தொடர்பு எண் நோட்டு இருக்கிறதல்லவா? மனைவியை இழந்தவர் பெயருக்கு எதிரே இன்னும் அந்த அம்மாவின் எண்தான் இருக்கும். காவலர் மயங்கி விழுந்தால் புதிதாக வந்த ஒருவர் அந்த எண்ணைக் கூப்பிடுவார், வீட்டில் பிள்ளை கையில் இருக்கும் அம்மாவின் போன் அடிக்கும். அவர் டூட்டிக்குத் திரும்பும் நாளுக்குள் வேறு எண் வாங்கி மாற்றிவிடுங்கள். பழைய எண்ணின் மேல் கோடு போட்டு அடிக்காமல், புதுப் பக்கத்தில் அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள். அந்த நோட்டை அவரும் எடுத்துப் பார்ப்பார்.